வேரை மறந்த கட்டளை

2017 ஜனவரி 31. உலகப் பொது நேரப்படி இரவு 11 மணி தாண்டியிருந்தது. நம் ஊரில் அப்போது மறுநாள் காலை 7 மணிக்கு மேல். கிட்லேப் என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பல மணி நேரமாகக் கணினியின் முன் அமர்ந்திருந்தார். உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்து, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்யும் இணையத்தளம் அது. அதன் தரவுத்தளம் இரண்டு சேவையகங்களில் இருந்தது. ஒன்று முதன்மை, எல்லா வேலையும் அதில்தான் நடக்கும். மற்றொன்று துணை, முதன்மையில் நடப்பதை அப்படியே நகலெடுத்துக்கொண்டே இருக்கும்.

அன்று வழக்கத்திற்கு மாறான வேலைப்பளு. துணைச் சேவையகம் நகலெடுப்பதில் பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. அதிலுள்ள பழைய தரவைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்தார். அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

கட்டளை சரியானதுதான். ஆனால் அவர் அதைத் தட்டியது முதன்மைச் சேவையகத்தில்.

ஓரிரு நொடிகளில் அவருக்கே புரிந்துவிட்டது. உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியிருந்தது. துணைச் சேவையகத்தின் தரவோ ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, தரவுத்தளம் என்றால் என்ன, அதைக் கையாள்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பாடநூலில் 'பங்காலான் டேட்டா' என்று படித்திருப்பீர்கள். எடுக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, தேர்வு முடிவு, தீபாவளிக்கு ஊர் போக வாங்கும் ரயில் சீட்டு என்று நம் வாழ்வின் பாதி ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் கிடக்கிறது.

அட்டவணைக்குள் உலகம்

எட்கர் காட் என்பவர் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தவர். பின்னர் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். அந்தக் காலத்துத் தரவுத்தளங்களில் ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், அது எங்கே, எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய மளிகைக் கடையில் எந்தப் பெட்டியில் எந்தச் சாமான் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும் அல்லவா, அதைப் போல. கடையை மாற்றி அடுக்கினால் எல்லாம் குழம்பிவிடும்.

1970-இல் காட் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எல்லாத் தரவையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள். வேண்டியது 'என்ன' என்று மட்டும் மனிதர் சொல்லட்டும். அதை 'எப்படி' எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். இதைத்தான் உறவுநிலைத் தரவுத்தளம் என்கிறோம். அந்த அட்டவணைகளோடு பேசுவதற்கான மொழியை ஐபிஎம்மிலேயே டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் உருவாக்கினர். இன்று அதன் பெயர் எஸ்கியூஎல். காட்டுக்கு 1981-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது. கணிதத்தில் 'கணங்கள்' என்ற பாடத்தை எதற்குத்தான் படிக்கிறோமோ என்று முணுமுணுப்பவர்கள் கவனிக்க: காட்டின் கட்டுரை நிற்பதே கணங்களின் மேல்தான்.

உங்கள் பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 'மாணவர்' என்று ஓர் அட்டவணை. 'நூல்' என்று இன்னொன்று. யார், எந்த நூலை, எப்போது எடுத்தார் என்பதற்கு 'இரவல்' என்று மூன்றாவது. ஒவ்வொரு மாணவருக்கும் குறுக்கே ஒரு வரிசை. பெயர், வகுப்பு, தொலைபேசி எண் என்று மேலிருந்து கீழே இறங்குபவை நெடுவரிசைகள்.

ஏன் மூன்று அட்டவணை? ஒன்றே போதாதா? ஒரே அட்டவணையாக வைத்தால், 40 நூல்களை இரவல் வாங்கிய மாணவரின் தொலைபேசி எண் 40 இடங்களில் எழுதப்பட்டிருக்கும். அவர் எண்ணை மாற்றினால் 40 இடத்திலும் திருத்த வேண்டும். 39-இல் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், எது உண்மை என்று கணினிக்கும் தெரியாது, நூலகருக்கும் தெரியாது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வை, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக் காட்டு. அட்டவணைகளைப் பிரிப்பதற்குப் பாடநூலில் நீண்ட இலக்கணம் இருக்கிறது; அதன் உயிர் இதுதான்.

மூன்று கார்த்திக்கும் ஒரு பூஜ்யமும்

சுட்டிக் காட்டுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். பெயரை வைத்துக்கொள்ளலாமா? நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கார்த்திக் என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தாலும் சில சமயம் இருவர் ஒரே மாதிரி இருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் வேறு எதோடும் ஒத்துப்போகாத ஓர் எண் தரப்படும். இதற்கு முதன்மைச் சாவி என்று பெயர்.

"அடையாள அட்டை எண் இருக்கிறதே, சார்!" என்று என் மாணவர்கள் உடனே சொல்வார்கள். நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த மாணவரிடம் அந்த எண் இருக்காது. அதோடு அது தனிப்பட்ட தகவல். நூலகத்தில் ஒவ்வொரு இரவல் வரிசையிலும் ஒருவருடைய பிறந்த நாள் தெரியும்படி எழுதி வைப்பது முறையல்ல. தரவுத்தளமே தனக்கென்று 1, 2, 3 என எண் கொடுத்துக்கொள்வது நல்லது.

அடையாள அட்டை எண்ணில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2009-இல் பிறந்தவருடைய எண் 09 என்று தொடங்கும். அந்த நெடுவரிசையை 'எண்' என்ற வகையில் அமைத்துவிட்டால் என்ன ஆகும்? கணினியைப் பொறுத்தவரை 09-உம் 9-உம் ஒன்றுதான். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். 2000-இல் பிறந்தவருக்குக் குறைந்தது இரண்டு பூஜ்யங்கள் போகும். 1990-களில் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்த நிரலாளருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே பட்டிருக்காது. கைத்தொலைபேசி எண்ணுக்கும் இதே கதி. நம் நாட்டில் எல்லாம் 01 என்றுதானே தொடங்குகின்றன.

எனவே நெடுவரிசையை அமைக்கும்முன் ஒரு கேள்வி: இந்த எண்ணை யாராவது கூட்டுவார்களா, கழிப்பார்களா? இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணைக் கூட்டி யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. கூட்டிக் கழிக்காதது, பார்ப்பதற்கு எண்ணாக இருந்தாலும், எழுத்து வகையில்தான் சேமிக்கப்பட வேண்டும்.

எழுத்து என்றதும் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. 'கார்த்திகேயன்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? கா, ர், த், தி, கே, ய, ன். ஏழு. ஆனால் யூனிகோடு முறையில் 'கா' என்பது 'க' என்ற குறியும் துணைக்கால் குறியும் சேர்ந்தது. புள்ளியும் ஒரு தனிக் குறி. அப்படி எண்ணினால் 13 வரும். இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 39 பைட். 'பெயருக்கு 20 பைட் தாராளம்' என்று ஆங்கிலப் பெயர்களை மட்டும் மனத்தில் வைத்து அளந்தவருடைய தரவுத்தளத்தில் கார்த்திகேயன் 'கார்த்' என்பதோடு நின்றுவிடுவார், அல்லது ஏற்றுக்கொள்ளப்படவே மாட்டார். எந்த எழுத்து முறை என்பதையே தவறாக அமைத்திருந்தால் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாக வரும். அப்படி வந்த சான்றிதழ்களை நீங்களும் பார்த்திருக்கலாம். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் உள்ளே இருந்த எழுத்து போனது போனதுதான். பின்னால் அமைப்பை மாற்றினாலும் திரும்பி வராது.

வேர் எங்கே?

இப்போது கட்டளைகளுக்கு வருவோம். எஸ்கியூஎல்லில் அன்றாட வேலைக்கு நான்கு வினைச்சொற்கள் போதும். செலெக்ட் என்றால் எடுத்துக் காட்டு. இன்சர்ட் என்றால் சேர். அப்டேட் என்றால் மாற்று. டெலிட் என்றால் நீக்கு. இவற்றைத் தமிழெழுத்திலேயே எழுதிக் காட்டுகிறேன்; கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

27-ஆம் எண் மாணவர் வேறு வகுப்புக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அப்டேட் மாணவர் செட் வகுப்பு = '4 பெஸ்தாரி' வேர் எண் = 27;

'மாணவர் அட்டவணையில் வகுப்பை 4 பெஸ்தாரி என்று மாற்று, எண் 27 ஆக இருக்கும் இடத்தில்' என்பது பொருள். 'வேர்' என்பது 'எங்கே' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். நம் காதில் மரத்தின் வேர் என்றுதான் விழுகிறது. அதுவும் பொருத்தம்தான். கட்டளையை ஓரிடத்தில் ஊன்றி நிற்க வைப்பது அந்தச் சொல்லே.

அந்தப் பகுதியை எழுதாமல் அனுப்பிவிட்டால்? கணினி "எந்த மாணவர்?" என்று திருப்பிக் கேட்காது. இலக்கணப்படி கட்டளை முழுமையானது. பள்ளியில் 1,200 பேர் என்றால் 1,200 பேரும் ஒரே நொடியில் 4 பெஸ்தாரிக்குப் போய்விடுவார்கள். டெலிட் கட்டளையில் அதே சொல்லை விட்டால் அட்டவணையே காலி. "உறுதியாகத்தானா?" என்று கேட்கும் சின்னஞ்சிறு பெட்டியெல்லாம் கைத்தொலைபேசிச் செயலியில் வரும், இங்கே பெரும்பாலும் வராது.

அனுபவமுள்ளவர்கள் இதற்குச் சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். எதையும் மாற்றவோ நீக்கவோ போகும்முன், அதே வேர்ப் பகுதியை வைத்து முதலில் செலெக்ட் செய்து பார்ப்பார்கள். ஒரு வரிசை வரும் என்று நினைத்த இடத்தில் 300 வந்தால், நல்லவேளை, இன்னும் எதையும் தொடவில்லை. சிலர் கட்டளையைத் தட்டும்போது வேர்ப் பகுதியை முதலில் எழுதிவிட்டுத்தான் முன்பகுதிக்கு வருவார்கள். கை தவறி எண்டர் பொத்தான் அழுந்திவிட்டாலும் அரைகுறைக் கட்டளை எதையும் செய்யாது. கட்டளை முடிந்ததும் 'இத்தனை வரிசைகள் மாறின' என்று கணினி ஓர் எண்ணைக் காட்டும். புதியவர்கள் அதைப் படிப்பதே இல்லை. பழகியவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. 'பிகின்' என்று தொடங்கிவிட்டு மாற்றங்களைச் செய்யுங்கள். சரியாக வந்தால் 'கமிட்' என்று சொல்லுங்கள். அப்போதுதான் மாற்றம் நிலைக்கும். தவறாக வந்தால் 'ரோல்பேக்'. எதுவுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்த முழுத் தொகுப்புக்குப் பரிவர்த்தனை என்று பெயர்.

கடைசி ரயில் சீட்டு

பரிவர்த்தனை என்பது கை தவறுபவர்களுக்காக மட்டும் உண்டானதல்ல. நீங்கள் அண்ணனுக்கு 50 ரிங்கிட் அனுப்புகிறீர்கள். தரவுத்தளத்தில் அது இரண்டு வேலை: உங்கள் கணக்கில் 50 குறைய வேண்டும், அவர் கணக்கில் 50 கூட வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்கும்முன் மின்சாரம் போய்விட்டால் 50 ரிங்கிட் ஆவியாகிவிடும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கவே கூடாது. பாதியில் நிற்பது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

மின்சாரம் போன பிறகு கணினிக்கு இது எப்படி நினைவிருக்கும்? வழி எளிது. அட்டவணையைத் தொடும்முன், 'நான் இப்படிச் செய்யப் போகிறேன்' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். மீண்டும் உயிர்பெற்றதும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, முடிந்ததை நிறைவேற்றும், முடியாததை விட்டுவிடும். நம் தாத்தா காலத்துக் கடைகளில் நாள்குறிப்பு எழுதிய பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதே முறைதான்.

இன்னொரு காட்சி. தீபாவளிக்கு முதல் நாள் ஈப்போவுக்குப் போகும் ரயிலில் ஒரே ஓர் இருக்கை மீதம். கோலாலம்பூரில் ஒருவரும் காஜாங்கில் ஒருவரும் அதே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இருவருக்கும் தரவுத்தளம் 'ஓர் இருக்கை உண்டு' என்று சொன்னால், இருவரும் பணம் கட்டி ஒரே இருக்கையில் உட்கார வருவார்கள். இதைத் தடுக்க, முதலில் வந்த பரிவர்த்தனை அந்த வரிசையைப் பூட்டிவிடும். இரண்டாமவர் சிறிது காத்திருக்க வேண்டும். பூட்டு திறந்ததும் 'இருக்கை இல்லை' என்ற பதில் வரும். ஏமாற்றம்தான். ஆனாலும் ரயிலேறிய பிறகு சண்டை போடுவதைவிட மேல்.

இந்தக் கருத்துகளை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. 1998-இல் டூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரியில், இறந்துபோன தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன்னந்தனியே பாய்மரப் படகில் போனார். திரும்பவில்லை. துறை நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பெற்று, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கண்ணால் தேடினார்கள். படகு கிடைக்கவே இல்லை. நாம் ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் அவருடைய சிந்தனை வேலை செய்கிறது. அதனால்தான் அவர் பெயரை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஒரு மில்லியனும் இருபது அடியும்

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். ஒரு மில்லியன் வரிசைகளில் ஒருவரைத் தேட, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு மில்லியன் முறைவரை பார்க்க வேண்டியிருக்கும். அகராதியில் ஒரு சொல்லை நீங்கள் அப்படித் தேடுவதில்லை. நடுவில் திறக்கிறீர்கள், முன்னா பின்னா என்று பார்த்துப் பாதியை ஒதுக்குகிறீர்கள். ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கினால் 20 அடியில் முடிந்துவிடும், ஏனென்றால் 2-இன் அடுக்கு 20 என்பது 10,48,576. நம் வழக்கில் எழுதினால் 1,048,576. தரவுத்தளத்திலும் இப்படி வரிசைப்படுத்திய பொருளடைவு ஒன்றை உண்டாக்கலாம். அதன் உள்ளமைப்பு இரண்டாகப் பிரிவதற்குப் பதில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிவதால் 20 அடிகூடத் தேவைப்படாது.

அப்படியானால் எல்லா நெடுவரிசைக்கும் பொருளடைவு போட்டுவிடலாமே? புதிதாக ஒரு மாணவர் சேரும்போது, ஒவ்வொரு பொருளடைவிலும் அவரை உரிய இடத்தில் செருக வேண்டும். தேடுவது வேகமாகும், எழுதுவது மெதுவாகும். எதை அடிக்கடித் தேடுகிறார்களோ அதற்கு மட்டும் போடுவதே கெட்டிக்காரத்தனம். ஊகிக்கவும் வேண்டாம். கட்டளைக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' என்ற சொல்லைச் சேர்த்தால், தான் எந்த வழியாகத் தேடப் போகிறேன் என்று தரவுத்தளமே சொல்லிவிடும்.

நிரல் எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்கியூஎல்லில் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவார்கள். நம் நாட்டில் டி'குரூஸ் என்று பெயருள்ளவர்கள் உண்டு. பயனர் தட்டும் பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் நிரலில், டி-க்குப் பின்னால் வரும் அந்தச் சிறு கோட்டைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் நினைத்துக்கொள்ளும். மீதியைக் கட்டளையாகப் படிக்கப் பார்க்கும். பாவம் டி'குரூஸுக்குப் பதிவே ஆகாது. ஆனால் கெட்ட எண்ணமுள்ள ஒருவர் அதே ஓட்டை வழியாகப் பெயருக்குப் பதில் ஒரு டெலிட் கட்டளையை நுழைத்துவிட முடியும். தகவல் திருட்டில் இது மிகப் பழைய வழிகளில் ஒன்று. கட்டளையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் அனுப்பும் வசதி எல்லாத் தரவுத்தளங்களிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் டி'குரூஸும் பதிவாவார், திருடனும் நுழைய முடியாது.

ஆறு மணி நேரம்

கிட்லேப் பொறியாளரை நடு இரவில் விட்டுவிட்டு வந்தோம். அவர் அழித்தது எஸ்கியூஎல் கட்டளையால் அல்ல. தரவுத்தளக் கோப்புகள் இருந்த உறையையே நீக்கினார். அதற்கு ரோல்பேக் கிடையாது. ஆனால் காப்புநகல் இருக்குமே?

அந்த நிறுவனத்தில் காப்புநகலுக்கு ஒன்றல்ல, பல வழிகள் இருந்தன. நாள்தோறும் தரவுத்தளத்தின் முழு நகலை எடுத்து வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு முதலாவது. போய்ப் பார்த்தால் சேமிப்பகம் காலி. அவர்களுடைய தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றதும் மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பத்தான் செய்தது. அந்த மின்னஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கமே அவற்றை நிராகரித்துவிட்டது. ஆகவே காப்புநகல் இல்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

வட்டு முழுவதையும் படம்பிடித்து வைக்கும் வசதி வேறு சில சேவையகங்களுக்கு இருந்தது. தரவுத்தளச் சேவையகங்களுக்கு மட்டும் முடுக்கிவிடப்படவில்லை.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. சோதனைச் சேவையகத்துக்காக 24 மணி நேரத்துக்கு ஒரு முறை நகல் எடுப்பது வழக்கம். அன்று மாலை, விபத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு வேலைக்காக ஒரு நகலைக் கையால் எடுத்திருந்தார்கள். அது காப்புநகல் என்ற எண்ணத்தில் எடுத்ததே அல்ல. அதிலிருந்துதான் எல்லாம் மீண்டது. சோதனைச் சேவையகத்தின் வட்டுகள் மெதுவானவை என்பதால் தளம் மீண்டும் இயங்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பித்தன. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போய்விட்டன.

நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகவே காட்டியது. பின்னர் நடந்ததை முழு அறிக்கையாக வெளியிட்டது. இன்றுவரை தரவுத்தளம் கற்பிப்பவர்கள் அதை எடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது, பழியை ஒருவர் தலையில் போடாமல் 'ஒருவர் கை தவறினால் எல்லாம் போகும்படி ஏன் வைத்திருந்தோம்' என்று கேட்டதுதான். அவர்கள் செய்த திருத்தங்களில் சில மிக எளியவை. எந்தச் சேவையகத்தில் இருக்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு சேவையகத்தின் வரித்தொடக்கத்தையும் மாற்றுவது ஒன்று. காப்புநகலை எடுப்பதோடு நில்லாமல், அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று தானாகவே தொடர்ந்து சோதிப்பது மற்றொன்று.

துணைச் சேவையகத்தைக் காப்புநகல் என்று நினைத்துவிடாதீர்கள். முதன்மையில் வேர் இல்லாத டெலிட் ஓடினால், துணை அதையும் விசுவாசமாக அடுத்த நொடியே நகலெடுத்துக்கொள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குப் பெரிய சேவையகம் எதுவும் தேவையில்லை. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இலவசம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கியது. உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் பல செயலிகள் தங்கள் தரவை அதில்தான் வைக்கின்றன. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்பு. பள்ளிக் கணினிக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு நிறுவிக்கொள்ளலாம்.

'மாணவர்', 'நூல்', 'இரவல்' மூன்றையும் உருவாக்குங்கள். உண்மையான நண்பர்களின் பெயரும் எண்ணும் வேண்டாம். கற்பனைப் பெயர்களாக 30 போதும். அவற்றில் ஒரு கார்த்திகேயனும் ஒரு டி'குரூஸும் 2009-இல் பிறந்த ஒருவரும் இருக்கட்டும். யார் எந்த நூலைத் திருப்பித் தரவில்லை என்று செலெக்ட் எழுதிக் கண்டுபிடியுங்கள். கோப்பை வேறோர் உறையில் நகலெடுத்து வையுங்கள். பிறகு, துணிந்து, வேர் இல்லாமல் ஒரு டெலிட்.

அட்டவணை காலியாகிவிட்டதா? சரி. இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். நகலிலிருந்து 30 பேரையும் மீட்டு, இரவல் அட்டவணையும் சரியாக இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். நகல் எடுத்த பிறகு சேர்த்த வரிசைகள் எத்தனை போயின என்பதையும் எண்ணுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை வரிசை என்ற இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் ஒரு முறை செய்து பாருங்கள்.